விளாவும் கை

கொதிக்கிற நீரில் பச்சைத் தண்ணீரைச் சேர்த்து, உடம்பு பொறுக்கும் பதத்துக்குக் கொண்டுவருவதை விளாவுதல் என்கிறோம். கடலூர், சிதம்பரம் பக்கத்து வீடுகளில் இன்னும் சாகாத சொல் இது. "தண்ணி விளாவி வச்சிருக்கேன், ஆறுறதுக்குள்ள போய்க் குளிங்க" என்று கூடத்தைப் பார்த்துச் சொல்லும் குரல், எனக்குத் தெரிந்தவரை, ஒரு பெண்ணின் குரலாகவே இருந்திருக்கிறது.

அந்த ஒரு வேலைக்குள் எத்தனை கணக்குகள்! பச்சைக் குழந்தைக்கு என்றால் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். மாமனாருக்கு என்றால் புறங்கை போதும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு ஒரு பதம், எண்ணெய் தேய்த்தவருக்கு வேறொரு பதம். மார்கழிக்கு இரண்டு செம்பு பச்சைத் தண்ணீர் என்றால் சித்திரைக்கு நாலு செம்பு. யாரும் எழுதிவைக்காத இந்தக் கணக்கு தாயிடமிருந்து மகளுக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் கைவழியாகவே வந்தது. அளவு தப்பினால் திட்டு கிடைக்கும். சரியாக இருந்தால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

அந்தக் கை செய்துவந்த வேலையை இன்று ஒரு சிறு எந்திரம் செய்கிறது. அதற்குத் தெர்மோஸ்டாட் என்று பெயர். கைவேலையாக இருந்தவரை பெண்ணின் கடமை என்று சொல்லப்பட்ட ஒன்று, பெட்டிக்குள் போனதும் பொறியியல் ஆயிற்று. அதே நாளில் அந்தப் பெட்டியின் மூடி பெண்களுக்குத் திறக்கக்கூடாத மூடியாகவும் ஆயிற்று. இது எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

வெந்நீர் அடுப்பு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அம்மா வீட்டுக் கொல்லைப்புறத்தில் வெந்நீருக்கென்று தனி அடுப்பு இருந்தது. மூன்று பக்கம் செங்கல் வைத்து மண் பூசிய அடுப்பு. அதன்மேல் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் பித்தளை அண்டா, அடிப்பக்கம் கரியேறிக் கறுத்திருக்கும். கொஞ்சம் வசதியான வீடுகளில் செம்பு பாய்லர் இருந்தது. நடுவில் ஒரு குழாய், அதில் கரியும் சிராயும் போட்டு எரிப்பார்கள். அதைச் சுற்றித் தண்ணீர், கீழே ஒரு திருகு குழாய். பாய்லர் வைத்திருப்பதே அந்தஸ்து. ஆனால் விடியும் முன்பு எழுந்து அதைப் பற்றவைக்கும் பெண்ணுக்கு அந்தஸ்தில் பங்கு இருந்ததாக நான் பார்த்ததில்லை.

எங்கள் மாவட்டத்தின் விறகு என்பது சவுக்கும் முந்திரியும். கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள், பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரிக் காடுகள். சவுக்கு மிலாரும் சருகும், முந்திரிக் கொட்டை உடைத்த தோடும்தான் ஏழை வீட்டு அடுப்புக்குப் போயின. தோப்பில் சருகு கூட்டி, கட்டாகக் கட்டித் தலையில் வைத்து வந்தவர்களும் பெண்கள்தான். அவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். வெந்நீரின் வரலாற்றை எழுதினால் அதில் பெண்கள் என்று ஒரே வரிசை இல்லை. சருகு சுமந்தவள், அடுப்பு ஊதியவள், விளாவியவள் என்று வேறுவேறு பெண்கள். அவர்களில் பலருக்கு அந்த வெந்நீரில் ஒரு செம்புகூடக் கிடைக்கவில்லை.

பிள்ளை பெற்ற வீட்டில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். தாய்க்கும் குழந்தைக்கும் தண்ணீர் ஊற்ற மருத்துவச்சி வருவாள். நீரின் சூடு அவள் கையின் தீர்ப்பு. அவள் சரி என்றால் சரி, ஆறட்டும் என்றால் ஆறவேண்டும். வீட்டுக்குள் அத்தனை அதிகாரம் இருந்தும், சாதியின் பெயரால் அவளைக் கொல்லை வழியாக வரச் சொன்ன வீடுகள் உண்டு. அவளுடைய திறமை தேவைப்பட்டது. அது திறமை என்று ஒப்புக்கொள்வதுதான் தேவைப்படவில்லை.

குளிக்கும் வரிசையும் எழுதாத சட்டம். முதலில் வேலைக்குப் போகும் ஆண்கள், பிறகு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், பிறகு பெரியவர்கள். அடுப்பு மூட்டியவள் குளிக்கப் போகும்போது அண்டாவில் அடித்தண்ணீர் மிஞ்சும், அதுவும் ஆறிப்போயிருக்கும்.

பதம் பெட்டிக்குள் போன கதை

தெர்மோஸ்டாட் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர். 1830இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு வேறு உலோகத் தகடுகளை ஒட்டிவைத்தால், சூடேறும்போது ஒன்று அதிகம் நீளும், மற்றது குறைவாக நீளும். அதனால் தகடு வளையும். அந்த வளைவைக்கொண்டு ஒரு கதவையோ திறப்பையோ அசைக்கலாம். கை உணர்வதை உலோகம் உணரும்படி செய்தாயிற்று.

இதே யூர் 1835இல் தொழிற்சாலை உற்பத்தியின் தத்துவம் குறித்து ஒரு நூல் எழுதினார். திறமையுள்ள தொழிலாளியை நம்பியிருக்கும் நிலையை எந்திரத்தால் ஒழிப்பதே முதலாளிக்கு லாபம், திறமையுள்ளவன் தன்விருப்பக்காரனாக இருப்பான் என்பது அவர் வாதம். மார்க்ஸ் தன் 'மூலதனம்' நூலில் அவரை விடாமல் சாடியதற்கு இதுவும் ஒரு காரணம். சூட்டை அளக்கும் கருவிக்குப் பெயர் வைத்தவரும், திறமையைக் கையிலிருந்து பிடுங்கி எந்திரத்தில் வைக்கவேண்டும் என்று எழுதியவரும் ஒரே ஆள் என்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த கட்டம் அமெரிக்காவில். விஸ்கான்சின் மாநிலத்தின் ஒயிட்வாட்டர் ஊரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் வாரன் ஜான்சன். வகுப்பறை குளிர்கிறதா, புழுங்குகிறதா என்று பார்க்கக் காவலாளி அறை அறையாக நுழைந்து, பிறகு நிலவறைக்குப் போய்த் திறப்புகளைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஜான்சன் 1883இல் மின்சாரத்தால் இயங்கும் அறைத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அந்தத் தொடக்ககால அமைப்பு செய்ததெல்லாம் மணியடிப்பதுதான். அறையில் சூடு குறைந்தால் கீழே மணி அடிக்கும், கேட்டவர் எழுந்துபோய்த் திறப்பை மாற்றவேண்டும்.

மின்கம்பியின் ஒரு முனையில் உலோகம், மறுமுனையில் ஒரு மனிதர். நம் வீடுகளில் அந்த மனிதர் யார் என்று சொல்லவேண்டியதில்லை. "டேங்க் வழியுது, மோட்டாரை நிறுத்து" என்று மாடியிலிருந்து சத்தம் வந்தால் கையில் மாவோடு ஓடுகிறவள் அவள்தான்.

1885இல் ஆல்பர்ட் பட்ஸ் என்பவர், உலையின் காற்றுத் திறப்பைத் தெர்மோஸ்டாட்டே மூடித் திறக்கும்படி செய்தார். மணி தேவையில்லை, ஆளும் தேவையில்லை. ஹனிவெல் நிறுவனத்தின் பூர்வகதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. உணர்வது, முடிவெடுப்பது, செய்வது என்ற மூன்றும் ஒரு வட்டமாக இணைந்தன. பொறியியலில் இதைத் தன்னியக்கக் கட்டுப்பாடு என்கிறார்கள். கொல்லைப்புறத்தில் ஒரு கையை நீருக்குள் விட்டு, மறுகையால் விறகை இழுத்துப்போட்ட பெண் செய்ததும் அதே வட்டம்தான்.

நெய்வேலி கரண்ட், குளியலறைப் பெட்டி

எங்கள் பக்கத்து வெந்நீரின் கதை மாறியது நெய்வேலியால். நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின்நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கி, பிறகு 600 மெகாவாட் நிலையமாக வளர்ந்தது. அதற்காகப் பல கிராமங்கள் நிலத்தை இழந்தன. சுரங்கத்துக்குள் ஊற்றுநீர் பொங்காமலிருக்க நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக் கொட்டினார்கள். அங்கே எரித்ததும் ஒரு வகையில் விறகுதான். மண்ணுக்குள் புதைந்த பழைய காடு. அடுப்பு வீட்டைவிட்டு நெய்வேலிக்குப் போனது, சூடு கம்பி வழியாக வீட்டுக்கு வந்தது.

அம்மா வீட்டுக்குக் கெய்சர் வந்தது தொண்ணூறுகளில். அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது கடினமில்லை. ஒரு தொட்டி, அதற்குள் சூடாக்கும் காயில். பெரும்பாலும் 2000 வாட். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். அதனால்தான் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டாமல் 16 ஆம்பியர் பிளக்கும் தடித்த ஒயரும் கேட்கிறார்கள். காயிலுக்குப் போகும் மின்சாரம் தெர்மோஸ்டாட் வழியாகத்தான் போகவேண்டும். பல கெய்சர்களில் அது ஒரு மெல்லிய பித்தளைக் குழாய், உள்ளே சூட்டுக்கு அசைந்துகொடுக்காத இன்வார் என்ற உலோகக் கம்பி. நீர் சூடானால் பித்தளை நீளும், கம்பி நீளாது. அந்த மயிரிழை வித்தியாசம் உள்ளிருக்கும் சுவிட்சை டக்கென்று பிரித்துவிடும். நீர் ஆறினால் மறுபடி சேர்க்கும். அண்டாவிலிருந்த பித்தளைதான், வேறு உருவத்தில்.

தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு பிரியாமல் போனால்? அதற்கு இரண்டாவது காவல், அளவு மீறிய சூட்டில் துண்டிக்கும் கட்-அவுட். அதுவும் தவறினால் நீராவி அழுத்தத்தை வெளியேற்ற ஒரு வால்வு. எங்காவது மின்கசிவு ஏற்பட்டால் அது மனித உடம்பு வழியாகப் போகாமல் மண்ணுக்குப் போக எர்த் ஒயர். மூன்று கால் பிளக்கில் எர்த்துக்கான கால் மட்டும் நீளமாகவும் பருமனாகவும் இருப்பது ஏன் என்றால், சொருகும்போது அது முதலில் சேரவேண்டும், பிடுங்கும்போது கடைசியாகப் பிரியவேண்டும். இதை ஒரு பள்ளி மாணவிக்கு அரைமணி நேரத்தில் சொல்லிக்கொடுக்கலாம்.

அம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மழைக்காலத்தில் அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கெய்சர் போட்டிருக்கும்போது குழாயைத் தொட்டா சுருக்குங்குது." ஈரக் கையாக இருக்கும் என்றார்கள். வயசானால் நரம்பு அப்படித்தான் இழுக்கும் என்றார்கள். மூன்று வாரம் போயிற்று. நான் சிதம்பரத்திலிருந்து வந்து எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன். வந்தவர் என்னைத் தாண்டி உள்ளே பார்த்து, "சார் யாரும் இல்லீங்களா?" என்றார். கெய்சர் என்ன செய்கிறது என்று நான் சொன்னதைப் பாதியில் நிறுத்தி, "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் மேடம்" என்றார். பிளக் பாயின்ட்டைக் கழற்றியபோது எர்த் ஒயர் எதனோடும் சேராமல் உள்ளே சுருண்டு கிடந்தது. காயிலின் உறையும் அரித்துப்போயிருந்தது. சுவருக்குள் அந்த ஒயரை இழுத்தவர்கள் யாரும் அந்தக் குழாயைத் தினமும் தொடுகிறவர்கள் இல்லை.

அறுபது வருடம் நீரின் சூட்டைத் துல்லியமாக அளந்த கை அது. அது உணர்ந்ததை வீடு நம்பவில்லை, டெஸ்டரின் சிறு விளக்கு எரிந்தபோது உடனே நம்பியது. அதற்குள் ஓர் உயிர் போயிருக்கக்கூடும். மின்சாரம் பற்றிய அறிவு ஆண்களிடம் இருப்பது மட்டும் இங்கே சிக்கலில்லை. அந்த அறிவின் மொழி தெரியாததால், தன் உடம்பு சொல்வதைக்கூடப் பெண்ணால் சாட்சியமாக வைக்கமுடியாமல் போகிறது.

மடை திறந்தால் மோட்டார்

சில ஆண்டுகளுக்கு முன்பு, என்னிடம் வரலாறு படித்த ஒரு மாணவி இங்கிலாந்தில் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலைக்குப் போனாள். கேரளத்துப் பெண்கள் இருவரோடு சேர்ந்து ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருந்தாள். நவம்பர் மாதத்தில் அழைத்தாள். "மேடம், குழாய்ல வெந்நீர் வருது, ஆனா ரூம் ஹீட்டர் எதுவும் சூடாக மாட்டேங்குது. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, நீங்க வெயில் நாட்டுக்காரங்க, உங்களுக்கு எப்பவும் குளிரும்ங்கிறார். தெர்மோஸ்டாட்டைத் தப்பா வச்சிருப்பீங்கன்னும் சொல்றார்."

அவள் அனுப்பிய படத்தில் ஒரு பித்தளை வால்வும், அதன் தலையில் ஒரு சிறு உலோகப் பெட்டியும், அதிலிருந்து ஐந்து ஒயர்களும் இருந்தன. எங்கள் தெருவில் குடியிருக்கும் பாலிடெக்னிக் ஆசிரியை ஒருவரிடம் அதைக் காட்டினேன். அவர் ஒரு தாளில் வரைந்து விளக்கியதை நான் எங்கள் ஊர் பாஷையில் அவளுக்குச் சொன்னேன்.

கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது என்ன செய்கிறோம்? பயிர் வாடுகிறது என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் போய் மடையைத் திறக்கிறார். முழுக்கத் திறந்த பிறகு, "தொறந்தாச்சு, போடு" என்று குரல் கொடுக்கிறார். அதைக் கேட்டபிறகுதான் மோட்டார் ஓடும். மடை திறக்குமுன் மோட்டாரைப் போட்டால் வாய்க்கால் உடையும்.

அந்நாட்டு வீடுகளில் உள்ள மைய வெப்ப அமைப்பும் இதேதான். எங்கோ ஒரு மூலையில் பாய்லர் நீரைச் சூடாக்குகிறது. பம்பு அதைக் குழாய் வழியாக அறைகளிலுள்ள ரேடியேட்டர்களுக்குத் தள்ளுகிறது. குளியல் நீருக்கு ஒரு வால்வு, அறைகளுக்கு ஒரு வால்வு, அதாவது இரண்டு மடைகள். சுவரிலுள்ள தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்ச், பயிர் வாடுகிறது என்று சொல்கிறவர். அது சேர்ந்தால் பழுப்பு ஒயர் வழியாக வால்வின் சிறு மோட்டாருக்கு மின்சாரம் போகும். மோட்டார் மடையைத் திறக்கும். முழுக்கத் திறந்ததும் பெட்டிக்குள்ளிருக்கும் சின்ன சுவிட்ச் ஒன்று அழுந்தி, சாம்பல் நிற ஒயரையும் ஆரஞ்சு நிற ஒயரையும் சேர்க்கும். ஆரஞ்சு ஒயர்தான் "தொறந்தாச்சு, போடு" என்ற குரல். அதைக் கேட்டுத்தான் பாய்லரும் பம்பும் கிளம்பும். மீதி இரண்டில் நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். அறை சூடானால் தெர்மோஸ்டாட் பிரியும், சுருள்வில் மடையை மூடும், குரல் நின்றுவிடும்.

"பெட்டியைத் திறக்காதே, அதில் மின்சாரம் இருக்கும். வெளியே ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறதா பார். தெர்மோஸ்டாட்டை நன்றாக ஏற்றிவைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து அதை அசைத்துப் பார்" என்று ஆசிரியை சொன்னார். மடை திறந்திருந்தால் நெம்புகோல் தொளதொளவென்று ஆடும். மூடியிருந்தால் எதிர்த்துத் தள்ளும். அவள் பார்த்தாள், தள்ளியது. வெந்நீர் வருவதால் பாய்லரும் பம்பும் நன்றாக இருக்கின்றன. அறைக்கான மடைதான் திறக்கவில்லை. தெர்மோஸ்டாட்டிலிருந்து மின்சாரம் வராவிட்டாலும் அப்படி ஆகலாம் என்பதால், மெக்கானிக்கை அழைத்து இரண்டையும் சோதிக்கவேண்டும் என்று அவள் வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்பினாள். மறுநாள் ஆள் வந்தது. வால்வின் தலையை மாற்றினார்கள்.

வெயில் நாட்டுக்காரி என்ற பேச்சு அத்தோடு நின்றது. அவள் ஓர் ஒயரைக்கூடத் தொடவில்லை. எது எதற்குச் சமிக்ஞை தருகிறது என்ற வரிசை தெரிந்ததால் அவள் சொல்லுக்கு எடை வந்தது.

மூடியைத் திறந்தவர்கள்

வீட்டுச் சூட்டின் தொழில்நுட்பத்தில் பெண்கள் பெயரே இல்லையா என்று தேடினால், இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் மோரிஸ்டவுனைச் சேர்ந்த ஆலிஸ் பார்க்கர் 1919 டிசம்பரில் ஓர் எரிவாயு உலைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே இடத்திலிருந்து தனித்தனிக் குழாய்கள் வழியாக அறைகளுக்குச் சூட்டை அனுப்பி, ஒவ்வொன்றையும் தனியாகக் கட்டுப்படுத்தும் யோசனை அதில் இருந்தது. என் மாணவியின் வீட்டு இரண்டு மடைகளுக்குப் பின்னால் இருப்பதும் இதே யோசனைதான்.

இங்கிலாந்தில் கரோலின் ஹாஸ்லெட் ஒரு பாய்லர் நிறுவனத்தில் அலுவலக வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்து பட்டறைக்குப் போய்த் தொழில் கற்றவர். 1919இல் தொடங்கிய பெண் பொறியாளர் சங்கத்தின் முதல் செயலாளர். 1924இல் பெண்களுக்கான மின்சாரச் சங்கம் அமைந்தபோது அதன் இயக்குநர். அந்தச் சங்கம் இல்லத்தரசிகளுக்கு மின்சாரம் பற்றி வகுப்பெடுத்தது, 1934இல் பெண்களுக்கென்றே ஒரு மின்சாரக் கையேட்டை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டப்போகும் வீடுகளின் மின்னமைப்பைப் பற்றி ஆராய அமைத்த குழுவில் ஹாஸ்லெட் ஒருவர்தான் பெண். குழந்தை விரல் விட்டாலும் ஆபத்தில்லாதபடி துளைகளை மூடிவைக்கும் பிளக் பாயின்ட் அந்தக் குழுவின் பரிந்துரைகளிலிருந்துதான் பிரிட்டிஷ் தரமாக வந்தது.

நம் பக்கம் ஏ.லலிதா. 1919இல் சென்னையில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டில் கைம்பெண், கையில் நான்கு மாதக் குழந்தை. அந்தக் காலத்து வழக்கப்படி அவரை மூலையில் உட்காரவைத்திருப்பார்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த அப்பா சுப்பாராவின் துணையோடு அதே கல்லூரியில் சேர்ந்தார். 1943இல் மின்பொறியியல் பட்டம். சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பால் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பால் சொல்லைக் கையால் எழுதித் தரவேண்டியிருந்தது. சிம்லாவில் வேலை பார்த்துத் திரும்பியபின், சிலகாலம் அப்பாவின் ஆராய்ச்சிக்கு உதவினார். அந்த ஆராய்ச்சிகளில் ஒன்று புகையில்லா அடுப்பு. பிறகு கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். பக்ரா நங்கல் அணையின் மின்சாரத்துக்கான பணிகளில் அவர் பங்கும் உண்டு. 1964இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலகப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்குப் போனார். அடுத்த ஆண்டு லண்டனில் ஹாஸ்லெட் வளர்த்த அதே பெண் பொறியாளர் சங்கத்தில் உறுப்பினரானார்.

மகளை நம்பிய ஓர் அப்பா, அந்த அப்பாவுக்கு ஒரு கல்லூரியில் இடம் என்ற இரண்டும் லலிதாவுக்கு அமைந்தன. சவுக்குச் சருகு சுமந்தவளின் மகளுக்கு அவை அமையவில்லை. அதனால் லலிதாவின் கதையை வெற்றிக்கதையாக மட்டும் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

கம்பம் சாய்ந்த மார்கழி

தமிழ்நாட்டில் பெண்களுக்கு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி தரும் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அம்மியிலிருந்து பெண்ணின் தோளை விடுவித்த திட்டம் அது, குறைத்துச் சொல்லமாட்டேன். அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. முந்திரியும் பலாவும் சவுக்கும் வேரோடு விழுந்தன, ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. நெய்வேலி இருக்கும் மாவட்டத்திலேயே பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

மார்கழிக் குளிர். மோட்டார் ஓடவில்லை, டேங்கில் நீரில்லை, கெய்சர் சுவரில் வெறும் டப்பா. விழுந்த மரத்தின் ஈர மிலாரை வெட்டி, புகையில் கண்ணெரிய, செங்கல் கூட்டி அண்டாவை ஏற்றியவர்கள் மறுபடி பெண்கள்தான். எந்திரம் நின்ற மறுநிமிடம், அது யாருடைய வேலையைச் செய்துகொண்டிருந்தது என்பது எல்லோருக்கும் நினைவு வந்துவிட்டது. யாரும் கேட்காமலே வேலை பழைய ஆளிடம் திரும்பி வந்தது.

கெய்சர் வாங்க முடியாத வீடுகளில் புயல் இல்லாத நாளிலும் இதே நிலைதான். அங்கே வாளிக்குள் போடும் ஹீட்டர் கம்பிதான் இருக்கிறது. பெரும்பாலான கம்பிகளில் தெர்மோஸ்டாட் கிடையாது. எப்போது நிறுத்துவது என்பதை அருகில் நிற்பவள்தான் பார்க்கவேண்டும். சூடு வந்துவிட்டதா என்று பார்க்கக் கையை விடும் பழக்கம் அண்டாக் காலத்திலிருந்து வந்தது. அண்டாவில் அது அறிவு, கம்பி ஓடும் வாளியில் அதுவே மரணம். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தொடவேண்டும். இவ்வகைக் கம்பிகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணை 2003இல் வந்தது. முத்திரை இல்லாதவை இன்றும் தெருவோரத்தில் விற்கின்றன. மலிவு என்று அவற்றை வாங்கும் வீட்டில் அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் நிற்பது யார் என்பது தெரிந்ததுதான்.

சான்று யாருக்கு

தமிழ்நாட்டில் வீட்டு ஒயரிங் செய்வதற்குச் சான்று பெறும் வழிகளில் ஒன்று மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. அறிவிப்பைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். இருபத்தொரு வயது ஆகியிருக்கவேண்டும், ஒயரிங் தொழிலில் 5 ஆண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும் என்று அதில் இருக்கும். பெண்கள் எழுதக்கூடாது என்று எங்கும் இல்லை. ஆனால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, ஒயர் இழுத்துக்கொண்டு, ஒரு மேஸ்திரியோடு ஐந்து வருடம் சுற்றுவதற்கு எந்த வீடு மகளை அனுப்பும்? எந்த மேஸ்திரி சேர்த்துக்கொள்வார்? விதியில் கதவு திறந்துதான் இருக்கிறது. வாசல்வரை வரும் பாதைதான் இல்லை. முறைப்படி பயிற்சி முடித்தவர்களுக்கும் அந்தத் தேர்வில் இடமுண்டு. ஆகவே நம் கோரிக்கை திட்டவட்டமாக இருக்கவேண்டும்: ஒயரிங் தொழிற்பயிற்சிப் பிரிவுகளில் பெண்களைச் சேர்க்க வேண்டும், உதவித்தொகையோடு பெண் பயிற்சியாளர்களை அமர்த்த வேண்டும், மகளிர் குழுக்களுக்கு ஊறுகாய், தையலோடு இதையும் கற்றுத்தர வேண்டும்.

அதற்குக் காத்திருக்காமல் இன்றைக்கே செய்யக்கூடியவையும் உண்டு. உங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் எங்கே என்று பாருங்கள், உங்கள் உயரத்துக்கு எட்டுகிறதா என்றும் பாருங்கள். மின்கசிவு வந்தால் கண்ணிமைப்பதற்குள் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா, அது 30 மில்லியாம்பியர் வகையா என்று பாருங்கள். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தினால் அது விழவேண்டும். கெய்சர் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் வரும்போது அவர் பக்கத்தில் நின்று சோதிக்கச் சொல்லுங்கள். குளிக்கும் முன் கெய்சர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். புதுவீடு கட்டினால் ஒயரிங் படத்தில் உங்களுக்கும் ஒரு பிரதி கேளுங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று விரல் வைத்துத் தொடர்ந்து பாருங்கள். கோலத்தில் புள்ளிகளுக்கிடையே இழை எங்கே திரும்புகிறது என்று பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அது அந்நியமான படமில்லை.

சூட்டின் பதம் நம் கையில் தலைமுறைகளாக இருந்த அறிவு. சம்பளமில்லாமல், பெயரில்லாமல் இருந்தது. அது தெர்மோஸ்டாட்டுக்குள் போனதற்காக நான் வருந்தவில்லை. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து ஊதாங்குழல் பிடித்த யாரும் வருந்தமாட்டார்கள். போனது போகட்டும், அண்டா திரும்பி வரவேண்டாம். ஆனால் நம் கையிலிருந்து எடுத்து உள்ளே வைத்ததைத் திறந்துபார்க்கும் உரிமை நமக்கு இருக்கிறது. திருப்புளி எல்லா வீட்டிலும், தையல் மிஷின் டிராயரிலேயே, ஒன்று கிடக்கிறது.